மதி சொல்லித்தந்த பொய்கள்

தம்பையாவின் சைக்கிள் மணி கேட்டதும் வினோஜன் மேசைக்குக் கீழே குனிந்தான். ஏதோ விழுந்ததைத் தேடுகிறவன்போலத்தான் குனிந்தான். விழுந்தது ஒன்றுமில்லை.

"மொதலாளி, தம்பையா அண்ணன் வாறாரு," என்றார் கடையில் வேலை செய்கிற அஸாம்.

"நான் இல்லையெண்டு சொல்லுங்கோ."

"ரோட்டுல வெச்சே உங்களக் கண்டுட்டாரு. கை காட்டுறாரு, பாருங்க."

வினோஜன் குனிந்தபடியே ஒரு கையை மட்டும் மேசைக்கு மேலே உயர்த்தி அசைத்தான். மற்றக் கையால் போனைத் தட்டி, 'மனிசன் வந்திட்டுது. சொல்லவோ வேண்டாமோ?' என்று அவசரமாக ஒரு செய்தி அனுப்பினான். மறுமொழி வரவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் கடவுளும் கைவிடுவார், மெசினும் கைவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று முதலாந் திகதி. துறைமுகத்துப் பக்கம் வள்ள எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற வினோஜனின் கடைக்கு ஒன்பது வருசமாக ஒவ்வொரு முதலாந் திகதியும் காலை பத்து மணிக்குத் தம்பையா வருவார். அவர் எழுதிய மென்பொருளுக்குப் பெயர் 'கடையாள்'. எந்தச் சாமான் எந்தத் தட்டில் கிடக்கிறது, எத்தனை மிச்சம், எல்லாம் கடையாளுக்குத் தெரியும். ஆனால் மாதம் முடிந்தால் வாயை மூடிக்கொள்ளும். திறப்பதற்குப் பன்னிரண்டு இலக்கம் வேண்டும்.

பெரிய கம்பனிகள் இந்த மாதச் சந்தாவை வங்கி அட்டையில் உருவிக்கொண்டு முகத்தையே காட்டாமல் இருந்துவிடும். தம்பையாவுக்கு அது மரியாதையாகப் படவில்லை. இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரில் வருவார். தானே தட்டுவார். பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடிப்பார். பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பார். இப்படி வருகிற மனிதரை நிப்பாட்டுவதற்குத் திரையில் ஒரு பொத்தானும் கிடையாது. முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும்.

வினோஜனுக்கு இடித்தது அங்கேதான். ஏனென்றால் மூன்று கிழமைக்கு முன்னர் அவன் 'மதி'க்கு மாறிவிட்டிருந்தான்.

திருகோணமலை முழுக்க அப்போது ஏஐ கதைதான். ஐஸ் அறைக்காரர் தனக்கொரு புரோகிராம் செய்துவிட்டாராம். நிலாவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர் காலைச் சாப்பாட்டுக்குள்ளேயே ஒன்று செய்து முடித்தாராம். தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக வினோஜனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. 'செயற்கை நுண்ணறிவு உதவியாளர் மதி. தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கடைக்கேற்ற மென்பொருள் மூன்று நாளில். முதல் மாதம் இலவசம்.' கீழே ஒரு வாட்ஸ்அப் இலக்கம்.

எழுதினான். மதி கேள்விமேல் கேள்வி கேட்டது. மூன்றாம் நாள் ஒரு லிங்க் வந்தது. திறந்து பார்த்தால் கடையாள் செய்கிற எல்லாவற்றையும் செய்தது. அதற்கு மேலே, வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு போனிலேயே கடையின் இருப்பைப் பார்க்கலாம். பன்னிரண்டு இலக்கம் கிடையாது. பிளேன்ரீ கிடையாது.

"நாநா, மனிசர் எழுதுற மாதிரியெல்லோ எழுதுது," என்று மதியின் செய்திகளை அஸாமிடம் காட்டி வியந்தான்.

"அதுக்குத்தானே மொதலாளி செயற்கை அறிவு எண்டு பேரு," என்றார் தோப்பூரிலிருந்து இருபது வருசமாகப் பஸ்ஸில் வந்து போகிற அஸாம். அவருக்குத் தெரியாத விசயம் உலகத்தில் கிடையாது.

எல்லாம் சரி. தம்பையாவிடம் யார் சொல்வது? போன வருசத்து வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது கணினியும் மூழ்கிப்போனது. தம்பையாதான் அதைப் பழைய சாரத் துணியில் சுற்றிக்கொண்டுபோய், மனைவியின் தலைமயிர் காயவைக்கிற மெசினால் இரண்டு நாள் காற்றடித்து, ஒரு விபரமும் தவறாமல் மீட்டுத் தந்தார். காசை நீட்டியபோது, "சந்தாவுக்குள்ள இதெல்லாம் அடக்கம் தம்பி," என்றார். அந்த மனிதரிடம் 'இனி வராதேங்கோ' என்று சொல்ல வினோஜனுக்கு நாக்கு எழும்பவில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறவன் செய்கிற வேலையையே அவனும் செய்தான். முதலாந் திகதிக்கு முதல்நாள் பின்னேரம் மதியிடம் யோசனை கேட்டான்.

'நேரில் சொல்லிவிடுங்கள். அவர் கோபிக்க மாட்டார்,' என்று மதி எழுதியது.

'ஏலாது. நல்ல மனிசன். ஏதும் சாட்டுச் சொல்லித் தா.'

'பொய் ஒன்று சொன்னால் இன்னொன்று சொல்ல வேண்டி வரும்.'

'அதை நான் பாக்கிறன். நீ சாட்டைச் சொல்லு.'

கொஞ்ச நேரம் கழித்து மதி எழுதியது: 'சரி. கணினி பழுது என்று சொல்லிப் பாருங்கள்.'

அதைத்தான் இப்போது மேசைக்குக் கீழிருந்து எழும்பிய வினோஜன் சொன்னான்.

"கொம்பியூட்டர் பழுதண்ணை. இனி அதைத் திருத்தேலாது எண்டு நினைக்கிறன். அதால இந்த மாதம் இலக்கம் போடத் தேவையில்லை."

தம்பையா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"பிளக் கழண்டு கிடக்குது தம்பி."

பழுதென்று காட்டுவதற்காகக் காலையில் அதைக் கழற்றியவன் வினோஜன்தான். தம்பையா மாட்டினார். கணினி கீதம் பாடிக்கொண்டு எழும்பியது.

"அது... இடைக்கிடை வேலை செய்யும் அண்ணை. பிறகு நிண்டிடும்."

"ஓமோ. அப்ப வீட்ட கொண்டுபோய் வடிவாப் பாக்கிறன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் கணினியைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியாயிற்று. அன்புவழிபுரம் வரைக்கும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் போகிற மனிதரை வினோஜன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் கணினி திரும்பி வந்தது. உள்ளே தூசு தட்டி, காற்றாடி மாற்றி, வெளியே துடைத்து.

"ஒரு பழுதுமில்லைத் தம்பி. பழுதாக் கிடந்த மாதத்துக்குச் சந்தா எடுக்கிறது முறையில்லை. இந்த மாதம் விடுங்கோ," என்று சொல்லி இலக்கத்தைத் தட்டிவிட்டார். "திரும்ப நிக்குதோ எண்டு இடைக்கிடை வந்து பாக்கிறன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மாதத்தில் ஒருநாள் வந்தவர் இப்போது இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்தார். வந்து பார்க்கும்போது கடையாள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். எனவே விற்கிற சாமானை அஸாம் கணினியில் கடையாளிலும், வினோஜன் போனில் மதியிலும் பதிந்தார்கள். இருவரும் ஒரே சாமானைப் பதிகிறார்களா என்று இருவருமே பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் ஒரே கடைக்கு இரண்டு இருப்பு வந்துவிட்டது.

இலங்கைத்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த குஞ்சித்தம்பி என்கிற மீன்பிடித் தொழிலாளி, எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கிற ரப்பர்ச் சக்கரம் ஒன்றுக்காக அரை மணித்தியாலம் நின்றார்.

"போனில கேக்கேக்க இருக்கெண்டியள்," என்றார்.

"ஓம், போனில இருக்கு."

"இந்தா இவர் கொம்பியூட்டரப் பாத்திட்டு இல்லையெண்டுறார். நான் எதைத் தம்பி கொண்டுபோய் எஞ்சினில பூட்டுறது? உங்கட போனையோ?"

அஸாம் தட்டுகளெல்லாம் தேடி, கடைசியில் இரண்டு புரோகிராமுக்கும் தெரியாத ஒரு மூலையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

இப்படியே விட்டால் கடை கவிழ்ந்துவிடும் என்று வினோஜனுக்கு விளங்கியது. அன்று பின்னேரம் மறுபடியும் மதியிடம் போனான்.

'முதல் சொன்னதைத்தான் சொல்கிறேன். நேரில் சொல்லுங்கள். அந்த மனிதருக்கு உங்களை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது,' என்றது மதி.

'தெரிஞ்சபடியாத்தான் சொல்லேலாது. வேற சாட்டு.'

'வியாபாரம் குறைந்துவிட்டது, செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டுமென்றால்.'

அடுத்தநாள் தம்பையா வந்ததும் வினோஜன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். "வியாபாரம் சரியாப் படுத்திட்டுது அண்ணை. கடை எத்தினை நாளைக்கு ஓடுமெண்டே தெரியேல்லை. அதால கடையாளை நிப்பாட்டுவம் எண்டு..."

தம்பையா பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தார். அவசரப்படவில்லை.

"வேற ஒண்டும் காரணமில்லையோ தம்பி?"

"இல்லையண்ணை. சத்தியமா."

"ம்." கோப்பையை வைத்தார். "முந்தி முப்பத்தொரு கடைக்குப் போய் வந்தனான். இப்ப நாலு. ஒருத்தரும் என்னோட கோவமில்லை. எல்லாம் ஏஐ. மனிசனுக்கு மாதாமாதம் குடுக்கேக்கத்தான் சனத்துக்குக் கை கூசுது. மெசின் எண்டா சந்தோசமாக் குடுக்குது. அதை நான் பிழை சொல்லேல்லை. காலம் அப்பிடி." பிறகு எழும்பினார். "உங்களுக்குக் கஷ்டமெண்டா ஒரு வருசத்துக்குச் சந்தா வேண்டாம். கடையாள் சும்மா ஓடட்டும்."

வினோஜனுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. தரை அசையவில்லை. ஆனால் பின்னால் நின்ற அஸாமின் முகம் அசைந்தது. 'கடை எத்தினை நாளைக்கு ஓடுமெண்டே தெரியேல்லை' என்பதை அவர் முழுதாகக் கேட்டுவிட்டார்.

அஸாம் பின்னேரமே துறைமுகத்துப் பக்கத்திலுள்ள வேறு இரண்டு உதிரிப்பாகக் கடைகளில் வேலை கேட்டிருந்தார். அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். மறுநாள் காலையில் சல்லிக் கிராமத்து வள்ளக்காரர் ஏழெட்டுப்பேர், மூடுகிற கடையில் சாமான் மலிவாகக் கிடைக்குமாம் என்று வரிசையில் நின்றார்கள். மத்தியானம் ஒருவர் மூன்று கிலோ பாரை மீனை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, "கவலைப்படாதேங்கோ பிள்ளை, எல்லாம் சரிவரும்," என்று வினோஜனின் மனைவி நிருஜாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவள் மீனையும் பார்த்தாள், போனவரின் முதுகையும் பார்த்தாள். பின்னேரம் அவளுடைய தமையன் நிசாந்தன், கடையைத் தான் எடுத்து நடத்தினால் என்ன என்று அளவுநாடாவோடு வந்து நின்றான்.

வீட்டுக்குப் போனபோது நிருஜா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"எங்கட கடை மூடப்போறது எனக்கு மட்டும் ஏன் தெரியாது?"

"மூடேல்லையப்பா. தம்பையா அண்ணைக்கு ஒரு சாட்டுச் சொன்னனான்."

"ஒரு மனிசனிட்ட வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு ஊருக்கெல்லாம் செத்தவீடு கொண்டாடியிருக்கிறியள். இந்தச் சாட்டை ஆர் சொல்லித் தந்தது?"

"மதி."

"ஆர் அவள்?"

மதி பெண்ணில்லை, மெசின் என்று விளங்கப்படுத்தி முடிய மீன் குழம்பு ஆறிவிட்டது.

தன் பிழையைத் தன் தலையில் ஏற்ற மனமில்லாதவனுக்கு யாராவது ஒருவர் வேண்டும். வினோஜனுக்கு மதி கிடைத்தது. சாப்பிட்டுக் கைகழுவிய சூட்டோடு போனை எடுத்து அடித்தான்.

'உன்ர சாட்டால மானம் போச்சுது.'

'நேரில் சொல்லுங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். நீங்கள் சொன்ன பொய் அவருக்கு நோகும் என்று நினைக்கவில்லையா?'

அதுதான் அவனைச் சுட்டது. உண்மை சுட்டால் மனிதன் கத்துவான். அவன் எழுதினான்.

'நீ ஒரு மெசின். உனக்கென்ன தெரியும் நோவும் வெக்கமும். அந்தாளின்ர புரோகிராமைவிட நீ செய்தது நூறு மடங்கு திறம். அதுக்குத்தான் மாறினனான். காலம் போனது தெரியாமல் சைக்கிளில துண்டுக் கடதாசி கொண்டு திரியிற மனிசனுக்கு இரக்கப்பட்டு இரக்கப்பட்டு நான் அலுத்துப்போனன்.'

அனுப்பியதும் கை கூசியது. இதைத் தம்பையாவின் முகத்துக்கு முன்னால் கனவிலும் சொல்லியிருக்க மாட்டான். கேட்டது மெசின்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மதியின் மறுமொழி அவன் படுக்கப்போன பிறகுதான் வந்தது: 'விளங்குகிறது. புரோகிராம் பிடித்திருக்கிறது என்று சொன்னதற்கு நன்றி.'

இரண்டு நாள் கழித்துத் தம்பையா வந்தார். மணிச் சத்தம் கேட்கவில்லை, நடந்து வந்தார். வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"சைக்கிள் எங்க அண்ணை?"

"வீட்டில விட்டிட்டன். இனிக் கொஞ்சம் நடப்பம் எண்டு." சட்டைப்பையிலிருந்து துண்டுக் கடதாசிக்குப் பதிலாக ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். "பன்னிரண்டு மாதத்து இலக்கமும் இதுக்குள்ள இருக்கு. நீங்களே போட்டுக்கொள்ளலாம். இனி நான் வந்து உங்களைக் கரைச்சல் படுத்த மாட்டன்."

"அண்ணை, இருங்கோ. பிளேன்ரீ..."

"இல்லைத் தம்பி. போட்டு வாறன்."

ஒன்பது வருசத்தில் அவர் பிளேன்ரீ குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. வினோஜன் அந்த உறையைத் திறக்கவில்லை. தொடவும் மனம் வரவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவர் புரொப்பெல்லர் கேட்க, எண்ணெய் வடிகட்டியைக் கொடுத்தனுப்பினான்.

"நாநா, நான் செய்தது சரியில்லை," என்றான்.

"அது ஊருக்கே தெரியும் மொதலாளி," என்றார் அஸாம். இரண்டு கடைக்காரரும் வேலை இல்லையென்று சொல்லிவிட்டதால் அவர் கொஞ்சம் கடுப்பில் இருந்தார்.

நிருஜா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை போறியள். கும்பிட்டுக் கேக்கிறன், உண்மையச் சொல்லிப்போட்டு வாறியள்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு அன்புவழிபுரத்துக்குப் போனான். கேற் திறந்திருந்தது. சைக்கிள் கொய்யா மரத்தோடு சாத்திக் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போது அதன் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

தம்பையாவின் மனைவி ஞானமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கோ தம்பி. இருங்கோ. அவர் உள்ள வேலையா இருக்கிறார், வருவார்."

"ஞாயிற்றுக்கிழமையுமோ அக்கா?"

"இப்ப அவருக்கு ஞாயிறு, திங்கள் ஒண்டுமில்லை. ஆர் எந்த நேரம் கேட்டாலும் செய்து குடுக்க வேணும். ரீ போட்டுக்கொண்டு வாறன்."

வயதான காலத்தில் மிஞ்சியிருக்கிற நாலு கடையையும் காப்பாற்ற மனிதர் எப்படி மாய்கிறார் என்று வினோஜன் நினைத்துக்கொண்டான். கதிரையின் நுனியில் இருந்தான். வரும் வழியெல்லாம் பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் இப்போது வாயில் இல்லை. 'அண்ணை, நான் பொய் சொன்னனான்' என்று தொடங்குவதா? 'மன்னியுங்கோ' என்று தொடங்குவதா? காலில் விழுவதா? உள்ளறைக் கதவு அரைவாசி சாத்தியிருந்தது. எந்த நேரமும் அது திறக்கும்.

பழகிய கை தானாகப் போனை எடுத்தது. கடைசித் தடவை தான் எழுதியதை மேலே பார்த்தான். மெசினாக இருந்தாலும் அதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது.

'மதி, அண்டைக்கு நான் எழுதினது பிழை. நீ சொன்னதுதான் சரி. அந்த மனிசனைப் பற்றிச் சொன்னதுக்கு எனக்கே வெக்கமாக் கிடக்கு. இப்ப அவற்ற வீட்டுக்குள்ளதான் இருக்கிறன். உண்மையச் சொல்லப்போறன். முதல் வசனம் என்னெண்டு மட்டும் சொல்லித் தா.'

அனுப்பினான். இரண்டு நீலச் சரி அடையாளம் விழுந்தது. மதி எதையோ எழுதத் தொடங்கியது. நிறுத்தியது. மறுபடியும் எழுதத் தொடங்கியது. வினோஜன் கண்ணெடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானமணி தேநீரோடு வந்தாள். வருகிற வழியில் உள்ளறைக் கதவால் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

"ரீயைக் குடியுங்கோ தம்பி," என்றாள். "அவர் உங்களுக்குத்தான் மறுமொழி எழுதிக்கொண்டிருக்கிறார்."